காயத்துக்குப் பிறகு மறுபடி ஓடத் தொடங்குவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

ஓடுகிறவர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பகுதி கீழே விழுந்து வருவதில்லை. உடம்பு தாங்குகிற அளவைத் தாண்டிச் சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போய், ஒருநாள் முழங்காலிலோ குதிகாலிலோ வலியாகத் தெரிய வருகிறது. அதனால்தான் "ஒன்றுமே பண்ணவில்லை, திடீரென்று வலிக்க ஆரம்பித்துவிட்டது" என்று பலரும் சொல்கிறார்கள்.

புதிதாக ஓட வந்தவர்கள் காயத்திலிருந்து திரும்பும்போது எங்கே தடுமாறுகிறார்கள் என்று தொடர்ந்து பார்த்து வருகிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வலி போய்விட்டது, அப்படியென்றால் ஆறிவிட்டது என்று விட்ட இடத்திலிருந்தே ஓடத் தொடங்குகிறார்கள். வலி முதலில் போய்விடும். தசையின் பலம் அதற்கு அப்புறம்தான் வரும். தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எலும்பும் பழையபடி அடி தாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. கீழே உள்ள படிகளை இந்த வரிசைப்படிதான் அடுக்கியிருக்கிறேன், அதனால் ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள்.

அறுவை சிகிச்சை ஆனவர்களும் எலும்பு முறிவு உறுதியானவர்களும் மருத்துவர் கொடுத்த கால அட்டவணையைத்தான் பின்பற்ற வேண்டும். அவர் ஓடலாம் என்று சொன்ன பிறகு 7-ஆம் படியிலிருந்து படிக்கலாம்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, அல்லது போனில் குறித்துவைக்க ஓர் இடம். இது இல்லாமல் இந்த வழிகாட்டியில் பாதி வேலை செய்யாது. நேற்றைவிட இன்று குறைவாக வலிக்கிறதா என்பது ஞாபகத்தை நம்பிச் சொல்லக்கூடிய விஷயமே இல்லை, ஓட ஆசை வந்துவிட்டால் ஞாபகம் நமக்குச் சாதகமாகவே பேசும்.

நிமிடம் பார்க்க ஒரு கடிகாரம். குதிகால் உயர்த்தும் பயிற்சிக்குக் கைப்பிடி உள்ள ஒரு படிக்கட்டு. எடை சேர்க்க ஒரு முதுகுப்பை. மேடு பள்ளம் இல்லாத ஒரு சின்னச் சுற்றுப் பாதை, வலித்தால் உடனே நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஒரே திசையில் ஐந்து கிலோமீட்டர் போய்விட்டால், வலித்தாலும் திரும்பி ஓடித்தான் வருவீர்கள்.

கொஞ்சம் கால அவகாசமும் வேண்டும். லேசான தசைப் பிடிப்பு இரண்டு மூன்று வாரத்தில் சரியாகலாம். தசைநாண் பிரச்சினைக்கு மூன்று மாதம் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். எலும்பில் வரும் நுண்விரிசல், எளிதில் ஆறக்கூடிய இடத்தில் இருந்தாலே ஓட்டத்துக்குத் திரும்ப 6 முதல் 8 வாரம் ஆகும், சிக்கலான இடமென்றால் அதைவிட நிறைய. பந்தயத்துக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள் என்பது காயத்துக்குத் தெரியாது. பந்தயத் தேதியை முதலிலேயே மறந்துவிட்டால் மற்ற முடிவுகள் எல்லாம் சுலபமாகும்.

1. நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடிய வலியா என்று முதலில் பாருங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எலும்பின் மேல் ஒரே விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய வலி. ஓட ஓடக் கூடிக்கொண்டே போகிறது, அந்தக் காலில் நின்று குதித்தால் சுருக்கென்கிறது, ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்கிறது. இது நுண்விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமலே போகலாம் என்பதை மறக்காதீர்கள். எக்ஸ்ரே நார்மல் என்றதும் நிம்மதியாக ஓடப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வலி அப்படியே இருந்தால் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.

தொடை இடுக்கில் ஆழமாக, காலை ஊன்றும்போதெல்லாம் வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருந்தால் அது முழு முறிவாக மாறக்கூடும். "இடுப்புப் பிடிப்புதான், ஓடினால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடவே கூடாத வலி இது.

குதிகாலுக்கு மேலே பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு அடி, கூடவே 'டப்' என்று சத்தம், அப்புறம் அந்தக் கால் விரல் நுனியில் எழும்ப முடியவில்லை என்றால் அக்கிலிஸ் தசைநாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

கணுக்கால் பிசகி, நான்கு அடி கூட ஊன்றி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் முட்டியின் பின் ஓரத்தை அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருந்தால், முக்கியமாக நீண்ட பயணத்துக்குப் பிறகோ படுக்கையில் கிடந்த பிறகோ என்றால், அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அவசர சிகிச்சைக்குப் போங்கள். கால் மரத்துப்போவது, பலமிழந்து தொங்குவது, மூட்டு சட்டென்று வீங்குவது அல்லது மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்பது, காய்ச்சலோடு வரும் வலி ஆகியவையும் இதே பட்டியலில்தான்.

2. முதல் மூன்று நாள்: சுமையைக் குறையுங்கள், படுத்துவிடாதீர்கள்

ஓட்டத்தை நிறுத்துங்கள். வலிக்காத அளவுக்கு நடங்கள். அசைவே இல்லாமல் கிடந்தால் தசை சீக்கிரம் மெலியும், மூட்டு இறுகும், திரும்பி வரும் பாதை நீளும். நொண்டாமல் நடக்க முடியவில்லை என்றால் அந்த நாளுக்கு நடையும் அதிகம் என்று அர்த்தம்.

வீக்கம் இருந்தால் துணிப்பட்டை சுற்றுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். ஐஸ் வலியைக் குறைக்கும். ஒரு துணிக்கு மேல் வைத்து 10 முதல் 15 நிமிடம் போதும். ஐஸ் வைத்தால் சீக்கிரம் ஆறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த நாட்களில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வலிக்கிற இடத்தை அழுத்தித் தேய்ப்பதும் இழுத்து நீட்டுவதும்தான். கெண்டைக்காலிலோ தொடையின் பின்புறத்திலோ தசை இழை கிழிந்திருந்தால், அதைப் பிடித்து நீட்டுவது ஒட்டத் தொடங்கிய இடத்தை மறுபடி பிரிக்கிற வேலை. இறுக்கமாகத் தோன்றுவது உடம்பு அந்த இடத்தைக் காப்பாற்றப் பிடித்துக்கொண்டிருப்பதால்கூட இருக்கலாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், எந்தக் கட்டத்திலும். அடுத்து வரும் எல்லாப் படிகளும் வலி என்ன சொல்கிறது என்பதை வைத்துத்தான் நகர்கின்றன. இபுப்ரோஃபென் மாதிரியான மாத்திரைகளை, உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது நீண்ட ஓட்டத்தோடு சேர்த்தால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

3. என்ன காயம் என்று பெயர் வையுங்கள்

எல்லாக் கால்வலிக்கும் ஒரே மருந்து இல்லை. குதிகாலுக்கு நல்லது செய்கிற பயிற்சி, தொடைப் பின்பக்கத்துக்குக் கெடுதலாகலாம். முடிந்தால் ஓடுபவர்களைப் பார்த்துப் பழகிய ஒரு பிசியோவிடம் ஒருமுறையாவது காட்டுங்கள். அதற்கு முன் எங்கே, எப்போது, எப்படி வலிக்கிறது என்று எழுதிக்கொண்டு போனால் அவருக்கும் உதவி. பொதுவாக இப்படித்தான் இருக்கும்:

முழங்கால் சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ வலி, படி இறங்கும்போதும் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் அதிகம். 'ரன்னர்ஸ் நீ' என்று சொல்வது பெரும்பாலும் இதுதான். இதற்கு இறக்கத்தில் ஓடுவது ஆகாது.

முழங்காலின் வெளிப்பக்கம், ஓடத் தொடங்கிக் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் ஒவ்வொரு முறையும் வருகிறது, நடந்தால் அவ்வளவாக இல்லை என்றால் ஐடி பேண்ட் (இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரை இறங்கும் பட்டை) பிரச்சினையாக இருக்கலாம். இதற்கும் இறக்கம் எதிரி.

முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் உள் ஓரம் நெடுக, ஒரு விரல் அகலத்துக்கு அல்ல, 5 சென்டிமீட்டருக்கும் மேல் பரவலாக வலிப்பது ஷின் ஸ்ப்ளின்ட்ஸ். அதே வலி நாளாக நாளாகச் சுருங்கி ஒரே புள்ளியில் குவிந்தால் 1-ஆம் படிக்குத் திரும்புங்கள், அது எலும்பின் எச்சரிக்கை.

காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலின் அடியில் குத்துவது பிளாண்டர் ஃபேசியா, அதாவது பாதத்தின் அடியில் ஓடும் பட்டையின் வலி. குதிகாலுக்கு மேலே தசைநாணில் காலை விறைப்பு, ஓடத் தொடங்கியதும் இளகிவிடுகிறது, ஓடி முடித்து ஆறியதும் திரும்பி வருகிறது என்றால் அக்கிலிஸ். இந்த 'ஓடினால் இளகுகிறது' என்பதை வைத்து ஓட்டம் நல்லது செய்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மறுநாள் காலை விறைப்பு எவ்வளவு என்பதே சரியான அளவு.

தொடைப் பின்பக்கத்தில் வேகமாக ஓடும்போது சட்டென்று பிடித்தால் ஹாம்ஸ்ட்ரிங் தசைக் கிழிசல். அதுவே மெல்ல மெல்ல வந்து, உட்காரும் எலும்பின் மேல், கார் சீட்டில் உட்கார்ந்தால் அதிகமாகிறது என்றால் பிரச்சினை அந்தத் தசையின் தசைநாணில், அதன் மேல் முனையில். குனிந்து நீட்டுகிற ஸ்ட்ரெட்ச் எல்லாம் இதைக் கிளறிவிடும்.

4. வலிக்கு மதிப்பெண் போடக் கற்றுக்கொள்ளுங்கள்

0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் இதற்கு மேல் தாங்க முடியாது. எந்தப் பயிற்சியானாலும் மூன்று தடவை மதிப்பெண் போடுங்கள்: செய்யும்போது, முடித்த ஒரு மணி நேரத்தில், மறுநாள் காலை எழுந்ததும். மூன்றில் கடைசியானதுதான் முக்கியம், ஏனென்றால் தசைநாண் தன் கோபத்தை அன்றைக்கே காட்டாது, பல மணி நேரம் கழித்துத்தான் காட்டும்.

2 வரை இருந்து, மறுநாள் காலைக்குள் வழக்கமான நிலைக்கு வந்துவிட்டால் போகும் பாதை சரி. 3 முதல் 5 வரை போனால் அடுத்த தடவை கூட்டாதீர்கள், அதே அளவையே திரும்பச் செய்யுங்கள்; காலையில் வழக்கத்தைவிட அதிகம் வலித்தால் குறையுங்கள். 5-ஐத் தாண்டினாலோ, நடை மாறி நொண்டினாலோ, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே வந்தாலோ நிறுத்துங்கள்.

இந்தக் கணக்கு தசைநாணுக்கும் முழங்கால் சில்லு வலிக்கும்தான் பொருந்தும். எலும்பு விரிசலுக்கு 0 மட்டும்தான் அனுமதி. லேசான வலிதானே என்று எலும்போடு பேரம் பேச முடியாது. தசைக் கிழிசலிலும் 'சுருக்' என்று இழுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வலியே இல்லாத நாளுக்காகக் காத்திருந்து எதுவுமே செய்யாமல் இருப்பவர்களும் உண்டு. அக்கிலிஸ், பிளாண்டர் ஃபேசியா இரண்டிலும் முழு ஓய்வு வலியைக் குறைக்கும், தாங்கும் சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும். ஓய்வுக்குப் பின் முதல் ஓட்டத்திலேயே திரும்பி வருவது அதனால்தான்.

5. ஓடாத நாட்களில் மூச்சுத் திறனை இழந்துவிடாதீர்கள்

ஒரு வாரம் பத்து நாள் ஓடாவிட்டால் பெரிதாக ஒன்றும் போய்விடாது. நான்கு வாரம் என்றால் வித்தியாசம் தெரியும். சைக்கிள், எலிப்டிகல் (பாதம் மிதியை விட்டு எழாமல் ஓடுவது போல் இயக்கும் ஜிம் கருவி), நீச்சல், ஆழமான நீரில் இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு தரையில் கால் படாமல் ஓடுவது, இவற்றில் எது வலியை 2-க்கு மேல் கொண்டுபோகவில்லையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு ஒதுக்கிய அதே நாள், அதே நேரம். பழக்கம் அறுந்துபோகாமல் இருக்க இது உதவும், மனசுக்கும் நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓட்டக்காரர்தான் சீக்கிரம் அவசரப்பட்டு ஓடப் போகிறார்.

முழங்கால் முன்வலி உள்ளவர்கள் சைக்கிள் சீட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள், முழங்கால் குறைவாக மடங்கும். தவளை நீச்சல் உதை சிலருக்கு முழங்காலைக் கிளறும், அப்படியானால் வேறு நீச்சல். நீரில் ஓடும்போது இதயத்துடிப்பு தரையில் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும், அதைப் பார்த்து இன்னும் முடுக்க வேண்டாம். மூச்சு வாங்குவதை வைத்துக் கணக்கிடுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. நன்றாக சைக்கிள் ஓட்டியவருக்கு மூச்சு முன்பு போலவே இருக்கும், கால் மட்டும் பல வாரமாக ஒரு அடி கூட வாங்கியிருக்காது. அரை மணி நேர ஓட்டம் என்றால் சுமார் 5,000 தடவை காலைத் தரையில் வைக்கிறோம். மூச்சு 'போகலாம்' என்று சொல்லும்போது கால் தயாராக இல்லாத நிலைமை இப்படித்தான் வருகிறது. அதனால் அடுத்த படியைத் தவிர்த்துவிட்டு ஓடப் போகாதீர்கள்.

6. பலத்தைத் திரும்பக் கட்டுங்கள்

எல்லோரும் தாவிக் குதித்துப் போவது இந்தப் படியைத்தான், காயம் திரும்பி வருவதும் பெரும்பாலும் இதனால்தான். ஒருமுறை காயம் பட்டவருக்கு மறுபடி காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஓய்வு காலத்தில் மெலிந்துபோன தசையோடே பழைய தூரத்துக்குத் திரும்புவது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

எந்தக் காயமானாலும் கெண்டைக்காலில் தொடங்குங்கள். ஓடும்போது அக்கிலிஸ் தசைநாண் உடல் எடையைப் போல் 6 முதல் 8 மடங்கு விசையைத் தாங்குகிறது, அதை இழுப்பது கெண்டைக்கால் தசைகள். முதலில் இரண்டு காலிலும் நின்று குதிகாலை உயர்த்துங்கள். 3 நொடியில் மேலே, ஒரு நொடி நிறுத்தி, 3 நொடியில் கீழே. 12 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் ஒற்றைக் காலில். அதுவும் சுலபமானால் முதுகுப்பையில் எடை வைத்து 8 தடவை. முழங்காலை நேராக வைத்து ஒரு சுற்று, லேசாக மடித்து ஒரு சுற்று என்று மாற்றிச் செய்யுங்கள். மடிக்கும்போதுதான் உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை அதிகம், நீண்ட தூரத்துக்கு அதுதான் உழைக்கிறது.

அவசரமாகக் குதித்துக் குதித்து 50 தடவை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அது எண்ணிக்கைக்குத்தான் உதவும். தசைநாண் மெதுவான, கனமான சுமைக்குத்தான் பதில் சொல்லும்.

பிளாண்டர் ஃபேசியாவுக்கு இதே பயிற்சியைப் படியின் விளிம்பில், கால்விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துச் செய்யுங்கள். விரல்கள் மேல்நோக்கி வளைவதால் பாதத்தின் அடிப் பட்டை இழுபடும். அக்கிலிஸ் வலி குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்தில் இருந்தால் படியின் விளிம்பு வேண்டாம், தரையிலேயே செய்யுங்கள். குதிகால் கீழே இறங்கும்போது தசைநாண் எலும்போடு நசுங்குகிறது. நடுத்தண்டில், அதாவது குதிகாலுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே வலி என்றால் விளிம்புக்குக் கீழே இறக்கலாம்.

முழங்கால் சில்லு வலிக்கும் ஐடி பேண்டுக்கும் இடுப்பின் பக்கவாட்டுத் தசையும் தொடை முன்தசையும் முக்கியம். பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துவது, சைட் பிளாங்க் (பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கிப் பிடிப்பது), தாழ்வான படியிலிருந்து ஒற்றைக் காலால் மெதுவாக இறங்குவது. இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சரிந்து போகாமல் கண்ணாடி முன் நின்று பாருங்கள்.

ஹாம்ஸ்ட்ரிங்குக்கு பிரிட்ஜ்: மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்துவது, முதலில் இரண்டு காலால், பிறகு ஒற்றைக் காலால். குதிகாலைத் தள்ளித் தள்ளி வைக்க வைக்கக் கடினம் கூடும். தசைக் கிழிசல் என்றால் முதல் வாரத்தில் மிக லேசாக, வலி இல்லாத எல்லைக்குள் மட்டும்.

இரண்டு காலுக்கும் செய்யுங்கள், காயம்பட்ட காலில் தொடங்குங்கள். நல்ல கால் எத்தனை தடவை செய்கிறது என்று குறித்து வையுங்கள், அடுத்த படியில் அதுதான் அளவுகோல்.

7. ஓடத் தயாரா என்று சோதியுங்கள்

தேதியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கீழே உள்ளவற்றை ஒரே நாளில் செய்து, மறுநாள் காலையும் வலி கூடாமல் இருக்க வேண்டும்.

30 நிமிட வேக நடை, நொண்டாமல். படி ஏறி இறங்குவது, கைப்பிடி தொடாமல். ஒற்றைக் காலில் 30 நொடி நிற்பது. ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது 20 தடவை, அல்லது நல்ல கால் செய்வதில் 90 சதவீதமாவது. ஒற்றைக் கால் குந்துதல் 10 தடவை, முழங்கால் தள்ளாடாமல். கடைசியாக அதே இடத்தில் ஒற்றைக் காலில் 20 தடவை குதிப்பது.

குதித்தலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஓட்டம் என்பதே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தொடர்ந்து குதிப்பதுதான். நடையில் தேறியவர் ஓட்டத்தில் தேறுவார் என்று சொல்ல முடியாது, நடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிறது. எலும்பு விரிசல் ஆறியவர்கள் இந்தக் குதித்தலை மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே செய்ய வேண்டும்.

ஒன்றில் தோற்றால் 6-ஆம் படிக்குப் போய் ஒரு வாரம் கழித்து மறுபடி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கே பலவீனம் என்று பிசியோ சொல்லாமலே தெரிந்துவிட்டது.

8. நடை-ஓட்டத்தில் தொடங்குங்கள்

முன்பு அரை மாரத்தான் ஓடியவராக இருந்தாலும் இங்கேதான் தொடக்கம். நடுவே நடப்பது களைப்பைத் தீர்க்க என்று நினைக்கிறார்கள். தசையும் தசைநாணும் தொடர்ந்து அடி வாங்காமல் இடைவெளி கிடைப்பதும், களைத்து நடை குலைவதற்கு முன்பே நிறுத்துவதும்தான் நோக்கம். அதனால் மூச்சு வாங்காவிட்டாலும் நடக்க வேண்டிய நேரத்தில் நடங்கள்.

ஒவ்வொரு தடவையும் முதலில் 5 முதல் 10 நிமிட வேக நடை. அப்புறம்:

நிலை 1: ஒரு நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 தடவை
நிலை 2: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 தடவை
நிலை 3: 3 நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, 5 தடவை
நிலை 4: 5 நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, 4 தடவை
நிலை 5: 8 நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, 3 தடவை
நிலை 6: 25 நிமிடம் தொடர் ஓட்டம்

ஒருநாள் ஓடினால் மறுநாள் ஓடக் கூடாது. ஒவ்வொரு நிலையையும் குறைந்தது இரண்டு தடவை சுத்தமாக முடித்த பிறகே அடுத்தது. எலும்புக் காயமோ இரண்டு மாதத்துக்கு மேலான இடைவெளியோ இருந்தால் ஒரு நிலைக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

வேகம், முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடியது. ஆனால் ரொம்ப மெதுவாக, தரையில் பாதத்தை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அடிகளைச் சின்னதாக, கொஞ்சம் விரைவாக வையுங்கள். வழக்கமான கேடன்ஸைவிட, அதாவது நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையைவிட, 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகும் சுமை குறைகிறது. நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 168-க்கு முயற்சி செய்யலாம். எல்லோருக்கும் 180 என்று ஒரு கட்டாயம் கிடையாது.

பழகிய ஷூவிலேயே ஓடுங்கள். காயத்திலிருந்து திரும்புகிற அதே வாரத்தில் புதுவிதமான ஷூ வேண்டாம், வலி வந்தால் எதனால் என்று தெரியாமல் போய்விடும். குதிகால் உயரம் குறைந்த ஷூ கெண்டைக்காலுக்கும் அக்கிலிஸுக்கும் சுமையைத் தள்ளும். அந்த இடத்தில் காயம் இருந்தவர்கள் இப்போதைக்கு அதைத் தள்ளி வையுங்கள்.

9. முதலில் நேரம், அப்புறம் நாட்கள், கடைசியில் வேகமும் மேடும்

25 நிமிடம் தொடர்ந்து ஓட முடிந்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். இரண்டைச் சேர்த்துக் கூட்டி வலி வந்தால் எதைக் குறைப்பது என்று தெரியாது.

முதலில் ஓட்ட நேரம் 40 நிமிடம் வரை. பிறகு வாரம் மூன்று நாள் என்பதை நான்காக. அதற்கும் பிறகு ஒரே ஒரு ஓட்டத்தின் நடுவில் 20 நொடி விரைவு ஓட்டம் நான்கைந்து, இடையே நிறைய ஓய்வு. முழு இன்டர்வல் பயிற்சி (வேக ஓட்டமும் இளைப்பாறலும் மாறி மாறி வருவது) எல்லாவற்றுக்கும் பின்னால். வேகம் ஏற ஏறக் கெண்டைக்காலும் ஹாம்ஸ்ட்ரிங்கும் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும், அந்த இடங்களில் காயம் இருந்தவர்கள் கூடுதலாகக் காத்திருங்கள். அவர்களில் கெண்டைக்கால், அக்கிலிஸ்காரர்கள் ஏற்றத்தையும் தள்ளிப்போட வேண்டும். முழங்கால்காரர்கள் இறக்கத்தை.

'வாரத் தூரத்தை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே' என்ற விதியைப் பலர் வேதமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வாரத்துக்கு 5 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது அரை கிலோமீட்டர், 60 ஓடுகிறவருக்கு 6. இரண்டும் ஒன்றல்ல. வாரக் கூட்டுத்தொகையைவிட நான் கவனிக்கச் சொல்வது தனி ஓட்டத்தின் நீளம்: கடந்த ஒரு மாதத்தில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் எந்த ஒரு ஓட்டமும் நீள வேண்டாம். நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் போய், பேச்சுச் சுவாரசியத்தில் இரட்டிப்புத் தூரம் ஓடிவிட்டு வருவதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் விபத்து.

பலப் பயிற்சியை இந்தக் கட்டத்தில் நிறுத்திவிடாதீர்கள். வாரம் இரண்டு நாள் போதும், ஓட்ட நாளிலேயே ஓடி முடித்த பிறகு செய்தால் ஓய்வு நாள் முழு ஓய்வாகவே இருக்கும்.

10. ஏன் வந்தது என்று தேடுங்கள்

நோட்டை எடுத்து, வலி தொடங்கிய நாளுக்கு முந்தைய நான்கு வாரங்களைப் பாருங்கள். தூரம் எகிறியிருக்கும், புது ஷூ வந்திருக்கும், மேட்டுப் பாதைக்கு மாறியிருப்பீர்கள், அல்லது ஓட்டம் அதே அளவில் இருந்து தூக்கம் பாதியாகியிருக்கும். ஓட்டத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால் வாழ்க்கையில் தேடுங்கள். பரீட்சை, வேலை நெருக்கடி, வீட்டில் நோயாளி, இவையும் உடம்புக்குச் சுமைதான்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓட முடியாத நாட்களில் எடை கூடிவிடுமோ என்று சாப்பாட்டைக் குறைப்பவர்கள் நிறைய. ஆறுவதற்கும் சக்தி வேண்டும், புரதம் வேண்டும். எலும்புக் காயம் ஒன்றுக்கு மேல் வந்திருந்தால், அல்லது பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ நடந்தால், ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அது பயிற்சியை மாற்றித் தீர்க்கிற விஷயமில்லை. மருத்துவரிடம் சொல்லி, விட்டமின் டி அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

11. வலி திரும்பினால் எங்கே போவது

திரும்பி வரும் வழியில் ஒருமுறையாவது வலி எட்டிப்பார்க்கும். அதை வைத்து எல்லாம் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஓட்டத்தில் மட்டும் 4-ஆம் படியின் கணக்கைவிடக் கறாராக இருங்கள்: ஓடும்போது 3-க்கு மேல் போனால் நடையாக மாற்றுங்கள், ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் வீட்டுக்கு. 'இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே' என்ற அந்த ஒரு கிலோமீட்டர் சில சமயம் இரண்டு வாரத்தைத் தின்றுவிடும். மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால், ஒரு நாள் கூடுதல் ஓய்வு எடுத்து, ஒரு நிலை பின்னால் போய் அங்கிருந்து தொடருங்கள். இரண்டு மூன்று நாள் ஆகியும் அடங்கவில்லை என்றால் இரண்டு நிலை பின்னால், கூடவே முந்தைய வாரம் எதைக் கூட்டினீர்கள் என்று நோட்டில் பாருங்கள்.

ஒரே நிலையில் மூன்று தடவை தடுக்கினால் அதை நான்காவது தடவை முயல்வதில் பயனில்லை, 6-ஆம் படிக்குப் போய் சோதனைகளை மறுபடி செய்யுங்கள். ஆறு வாரம் ஒழுங்காகப் பலப் பயிற்சி செய்தும் காலை வலி கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் வைத்த பெயரே தப்பாக இருக்கலாம். நோட்டோடு வேறொரு மருத்துவரிடமோ பிசியோவிடமோ போய், மதிப்பெண்களைக் காட்டி, முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.